மயிலிறகு ஏற்றிய மீன்பாடி வண்டி

அணி இலக்கணத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு துணிப்பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர், "என் பெயரைப் போட்டுவிடாதீர்கள், எங்கள் தமிழாசிரியர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். சரி, யார் பெயரையும் போடவில்லை. வகுப்பும் பேட்டையும் போதும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 32 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். விடியற்காலையில் காசிமேட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வருவது ஒன்றுதான் இப்போது நான் நேரம் தவறாமல் செய்கிற வேலை. பதில்களில் மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், உவமை வேறு, உருவகம் வேறு என்று நன்றாகவே தெரிகிறது. தேர்வில் மட்டும் மாற்றி எழுதிவிடுகிறேன். 'மலர்முகம்' எது, 'முகமலர்' எது?
– பத்தாம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

கண்ணு, கடைசிச் சொல்லைப் பிடி. 'மலர்முகம்' என்பதில் கடைசியில் கையில் கிடைப்பது முகம். மலர் போன்ற முகம். நடுவில் 'போன்ற' ஒளிந்துகொண்டிருக்கிறது. அது உவமைத்தொகை. 'முகமலர்' என்பதில் கடைசியில் கிடைப்பது மலர். முகமாகிய மலர், ஒளிந்திருப்பது 'ஆகிய'. அது உருவகம். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

தேர்வைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். உவமையில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். பேசிக்கொள்வார்கள், சாயங்காலம் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உருவகத்தில் சுவரை இடித்து ஒரே வீடாக்கிவிடுகிறார்கள். முகம் மலரே ஆகிவிட்டால் அதில் வண்டு மொய்க்கலாம், வெயிலில் அது வாடலாம், கவிஞர் அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டே போகலாம். பொய்கையாழ்வார் 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக வெய்ய கதிரோன் விளக்காக' என்று பாடியது அப்படித்தான். பூமியை அகல் ஆக்கியவுடன் கடல் நெய்யாகிறது, சூரியன் சுடராகிறது. ஒன்றை ஒப்புக்கொண்டாய் என்றால் மூன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்' என்ற பத்தாவது குறளில் பிறவியைக் கடல் ஆக்கிய வள்ளுவர், இறைவன் அடியை எதுவாகவும் ஆக்கவில்லை. அப்படி ஒன்றை உருவகம் செய்து அதற்குத் துணையானதைச் செய்யாமல் விட்டால் ஏகதேச உருவக அணி. உரை எழுதியவர்கள் தெப்பம் என்று நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கட்டுமரம் என்பார்கள். அந்த இடத்தை அவர் காலியாக விட்டது நமக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கொடி காற்றில் ஆடுகிறது. அதைப் போய் 'வராதே' என்று கை காட்டியதாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. தற்குறிப்பேற்ற அணி எதற்கு டீச்சர்? அதிலும் 'போல்' வருகிறதே, அப்படியானால் அது உவமை இல்லையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், காசிமேடு

தம்பி, முதலில் பாட்டை மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலை நெருங்குகிறார்கள். அங்கே, 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். மதில்மேல் பறக்கும் நீண்ட கொடிகள் 'வராதீர்கள்' என்று மறித்துக் கை காட்டினவாம்.

என் வகுப்பில் கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். வாரத்தில் மூன்று நாள் தாமதம். காரணம் கேட்டால் ரயில்வே கேட் மூடியிருந்தது என்பான். அந்தக் கேட்டில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அது பொய்யாகவும் இருக்காது. ஒரு நாள், தாமதத்துக்குக் காரணம் எழுதித் தா என்றேன். அவன் எழுதியது இது: 'இன்று தமிழ்த் தேர்வு, போகாதே என்று கேட் தன் நீளமான கையை இறக்கி என்னை மறித்தது.' நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே விட்டேன். கேட் மூடியது சரக்கு ரயிலுக்காக. அது இயல்பாக நடப்பது. அதன்மேல் அவன் தன் மனத்தில் இருந்த காரணத்தை ஏற்றிவிட்டான். தன் குறிப்பை ஏற்றுவது, தற்குறிப்பேற்றம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதையே 'இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று' ஏற்றுவது என்கிறது. கொடி ஆடுவது காற்றால். அயலான காரணம் 'வாரல்'.

'போல்' வந்ததும் உவமை என்று எழுதிவிடுவது, நான் திருத்திய விடைத்தாள்களில் அதிகம் பார்த்த தவறு. உவமையில் முக்கியம் எது எதைப் போல இருக்கிறது என்பது. இங்கே முக்கியம், ஏன் ஆடியது என்பது. 'எது போல' என்ற கேள்வியா, 'எதனால்' என்ற கேள்வியா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதற்கு என்று கேட்டாயே, அதுதான் நல்ல கேள்வி. எந்த அணியையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார். 'மதுரை மதிலில் கொடிகள் காற்றில் ஆடின.' செய்தி அப்படியே இருக்கிறது. ஆனால் என்ன போயிற்று? கோவலனுக்குத் தான் சாகப் போவது தெரியாது. கண்ணகிக்கும் தெரியாது. தெரிந்தவர் கதை சொல்கிறவர் ஒருவர்தான். அவரால் கதைக்குள் புகுந்து கத்த முடியாது. அதனால் கொடியின் கையைத் தூக்குகிறார். அவர்களோ அதைப் பார்த்தபடியே உள்ளே போகிறார்கள். இதை உன் வகுப்பில் சொல்லிப் பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். தேர்வில் 'அணிப்பொருத்தம்' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டியதும் இதுதான். 'ஆகவே இப்பாடல் தற்குறிப்பேற்ற அணி ஆயிற்று' என்று கைடில் இருக்கிற வரியை அல்ல.

என் மகள் மொத்தம் எத்தனை அணி இருக்கிறது என்று அழுகிறாள். எத்தனை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
– ஒரு தாய், வியாசர்பாடி

தண்டியலங்காரத்தின் பொருளணியியலில் 35. பின்னால் வந்தவர்கள் இன்னும் கூட்டினார்கள். தொல்காப்பியரோ உவமை ஒன்றுக்கு மட்டும் தனி இயல் வைத்தார். உவமை தோன்றுகிற இடம் நான்கு என்றார்: 'வினைபயன் மெய்உரு'. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, அதாவது செயல். மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். வவ்வால் மீன் தட்டுப் போல இருந்தது என்றால் மெய், வடிவம். சங்கரா மீன் செம்பருத்தி போலச் சிவந்திருந்தது என்றால் உரு, நிறம்.

அம்மா, உங்கள் மகளிடம் பாடப்புத்தகத்தில் உள்ளவற்றை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலிருந்து ஒரு சான்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோபம் வரும்போது நீங்களே ஐந்தாறு அணி பேசுவீர்கள். நம் பக்கத்துத் தாய்மார்களுக்கு அதில் பஞ்சமே இல்லை.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளில், மயிலிறகு போய் வண்டியின் அச்சை முறிக்குமா? நான் உயர்வு நவிற்சி என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது.
– பதினோராம் வகுப்பு மாணவன், புது வண்ணாரப்பேட்டை

முறிக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மயிலிறகுக்குப் பதில் தெர்மாகோல் பெட்டி.

ஒரு நாள் விடியற்காலை, காசிமேட்டுக்குப் போகும் சாலை. ஒரு மீன்பாடி வண்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே சரக்குத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரத்தின்மேல் ஓட்டுகிறவர். அதில் மீன் அடுக்கும் காலித் தெர்மாகோல் பெட்டிகளை ஏற்றியிருந்தார். ஒரு பெட்டியைச் சுண்டுவிரலால் தூக்கிவிடலாம். அந்தத் தைரியத்தில் முதல் மாடி ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். முன்னால் சாலை தெரியாமல், பக்கவாட்டில் தலையை நீட்டி நீட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் ஏதோ எச்சரித்தார். "காலிப் பெட்டிதானே" என்று பதில் வந்தது. பத்தடி தள்ளி ஒரு பள்ளம். சத்தம்கூடப் பெரிதாக இல்லை; முன் அச்சு ஒரு பக்கமாக மடங்கி உட்கார்ந்தது. பெட்டிகள் கடற்காற்றில் சாலை முழுவதும் உருண்டன. நாய்கள் துரத்தின. எனக்குக் குறள் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அதை அவரிடம் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.'

பீலி மயிலிறகு. சாகாடு வண்டி. இறும் என்றால் முறியும். இரண்டாம் அடியைக் கவனித்தாயா? 'சால' என்றாலே மிகுதிதான். 'மிகுத்து' என்றாலும் மிகுதிதான். ஒன்று போதாதென்று இன்னொன்றையும் மேலே ஏற்றி, சொல்லிலேயே வண்டியை நிரப்பியிருக்கிறார் மனிதர்.

இப்போது உன் மதிப்பெண். இந்தக் குறள் இருப்பது வலியறிதல் அதிகாரத்தில், 475ஆவது குறள். படை, பகைவர் பலம் பற்றிய பேச்சு அங்கே நடக்கிறது. எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொண்டால் வலியவனும் முறிந்துபோவான் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதைச் சொல்லவே இல்லை. வண்டியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். சொல்ல வந்ததை மறைத்து உவமையை மட்டும் சொன்னால் பிறிது மொழிதல் அணி.

இதை மூன்று படியாக வைத்துக்கொள். பொருளும் உண்டு, உவமையும் உண்டு, நடுவே 'போல' போன்ற உருபும் உண்டு என்றால் உவமை அணி. பொருளும் உவமையும் இருந்து உருபு மட்டும் இல்லை என்றால் எடுத்துக்காட்டு உவமை. முதல் குறளே அதற்குச் சான்று, அகரம் எழுத்துக்கு முதல், ஆதிபகவன் உலகுக்கு முதல் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பொருளையும் எடுத்துவிட்டு உவமையை மட்டும் விட்டால் பிறிது மொழிதல். படி இறங்க இறங்கக் கவிஞர் குறைவாகப் பேசுகிறார், நமக்கு வேலை கூடுகிறது. உயர்வு நவிற்சி என்றால் நடக்காததை மிகைப்படுத்திச் சொல்வது. நீ எழுதியது தவறுதான். நடக்கக்கூடியதை அல்லவா அவர் சொல்லியிருக்கிறார்!

சென்ற இதழில் 'எல்லா விளக்கும் விளக்கல்ல' என்ற குறளைச் சொல் பின்வருநிலை அணி என்று எழுதியிருந்தீர்கள். அது சொற்பொருள் பின்வருநிலை அணி அல்லவா?
– தமிழ் முதுகலை மாணவி, பெரம்பூர்

ஆமாம். பழியை அச்சகத்தின்மேல் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன், தவறு என்னுடையதுதான். நன்றி.

மற்றவர்களுக்காக: வந்த சொல்லே திரும்ப வந்து பொருள் மாறினால் சொல் பின்வருநிலை. மீன் சந்தையில் கூறு கட்டி வைத்தவள் விலை கூறினாள் என்றால், முதல் கூறு குவியல், அடுத்தது சொல்லுதல். சொற்கள் மாறி மாறி வந்து பொருள் ஒன்றாகவே இருந்தால் பொருள் பின்வருநிலை. பூக்கள் அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன, விரிந்தன என்று ஒரு பழம்பாட்டு அடுக்கும், எல்லாம் மலர்ந்தன என்பதுதான். சொல்லும் மாறாமல் பொருளும் மாறாமல் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. 'எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு.' நான்கு இடத்திலும் விளக்கு விளக்கேதான்.

சிலேடை என்பது வெறும் சொல் விளையாட்டுதானே? மேடையில் கைத்தட்டு வாங்க உதவும். கவிதைக்கு அதனால் என்ன பயன்?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மீன்காரம்மா மாற்றினார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீன்கள் முட்டையிடுகிற காலம். அந்த நாட்களில் பைபர் படகுகள் கொண்டுவருவதுதான் சந்தை. ஒரு மே மாதக் காலையில் நான் வழக்கமாக வாங்குகிற அம்மாவின் கூடையில் கவலை மீன் மட்டும்தான் இருந்தது. மற்ற ஊர்களில் மத்தி, சாளை என்பார்களே, அந்த இனம். எங்கள் பக்கத்தில் கவலை. வஞ்சிரம் இல்லையா என்று கேட்டேன். அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் தருகிறேன்: "வீட்டிலும் கவலை, கூடையிலும் கவலை. கூடையில் இருக்கிற கவலையையாவது நீ எடுத்துக்கொண்டு போ, டீச்சர்."

இதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'எனக்குப் பணக் கஷ்டம், இந்த மீனை வாங்கிக்கொள்.' அது கெஞ்சல். அவர் கெஞ்சவில்லை. ஒரே சொல்லில் கஷ்டத்தையும் சொல்லிவிட்டார், மானத்தையும் காப்பாற்றிக்கொண்டார், வியாபாரத்தையும் முடித்துவிட்டார். நான் இரண்டு கூறு வாங்கினேன்.

'கவலை' என்ற சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் கிடைக்கிறது. இது செம்மொழிச் சிலேடை. பிரித்தால்தான் இரண்டாம் பொருள் வரும் என்றால் பிரிமொழிச் சிலேடை. பத்தாம் வகுப்புப் பாடநூலில் தமிழையும் கடலையும் ஒன்றாகப் பாடிய ஒரு வெண்பா உண்டு. அது 'முத்தமிழ்' என்று தொடங்கும். தமிழுக்கு அது மூன்று தமிழ். கடலுக்கு முத்து அமிழ்ந்து கிடப்பது. காளமேகப் புலவர் இரண்டையும் கலந்து அடிப்பார். பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிய பாட்டில் 'ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்' என்கிறார். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும், ஆடும்போது சீறும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்துக்குப் போகும்; ஆடும்போது செக்கு இரையும். காளமேகத்தின் பாட்டில் அறிவு பளிச்சிடுகிறது. மீன்காரம்மாவின் வரி வயிற்றைப் பிசைகிறது. விளையாட்டா இல்லையா என்பது யார் கையில், எதற்காக என்பதைப் பொறுத்தது.

நான் கானா எழுதுகிறேன். எதுகை மோனை எல்லாம் படித்ததில்லை. 'இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் எதுகை, அவ்வளவுதான்' என்கிறார் நண்பர். சரியா?
– கானா எழுதும் இளைஞர், புளியந்தோப்பு

முக்கால் சரி. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டு–கட்டு எதுகை. பாட்டு–காட்டு எதுகை. பாட்டு–கட்டு எதுகை ஆகாது. ஒன்று நெடில், ஒன்று குறில். தாளம் தட்டிப் பாருங்கள், உங்கள் கையே சொல்லிவிடும். அடியின் கடைசியில் ஒலி ஒத்து வருவதற்கு இயைபு என்று பெயர். நான் கேட்ட கானாக்களில் அதிகம் இருப்பது இயைபுதான்.

மோனை முதல் எழுத்து ஒத்து வருவது. 'கல்மண்டபம் கடந்து காசிமேடு போனால்' என்று வைத்துக்கொள்ளுங்கள். (அடி என்னுடையது, எடுத்துக்கொள்ளலாம்.) அடியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இங்கே ஒரு சீர். முதல் மூன்று சீரிலும் க, க, கா. இது கூழை மோனை. 'கல்மண்டபம் தாண்டிக் காசிமேடு போனால்' என்று மாற்றினால் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும், பொழிப்பு மோனை. 'கல்மண்டபம் தாண்டிப் பார்த்தால் காசிமேடு' என்றால் ஒன்றிலும் நான்கிலும், ஒரூஉ மோனை. மூன்றையும் வாய்விட்டுப் பாடுங்கள். முதலாவது ஓடுகிறது, இரண்டாவது நடக்கிறது, மூன்றாவது போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறது. சாவு வீட்டில் பாடும்போது எது, கல்யாண வீட்டில் எது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: ச–த, ஞ–ந, ம–வ இவை ஒன்றுக்கொன்று மோனையாக வரலாம் என்று இலக்கணம் அனுமதி தந்திருக்கிறது. உங்கள் பழைய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். அனுமதி கேட்காமலே பல இடத்தில் பயன்படுத்தியிருப்பீர்கள்.

நிரல்நிறை அணிக்கு எளிய சான்று?
– எட்டாம் வகுப்பு மாணவி, கொருக்குப்பேட்டை

தாத்தாவும் பாட்டியும் வலையும் கூடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். யார் எதை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, நீ வரிசையாகப் பொருத்திக்கொண்டாய். 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது.' அன்பு பண்பு, அறன் பயன். முடிந்தது.

நான் எட்டு மணிக்கு எழுந்தால் அம்மா "கலெக்டர் எழுந்துவிட்டாரா?" என்கிறார். இது என்ன அணி?
– ஏழாம் வகுப்பு மாணவன், மூலக்கொத்தளம்

வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலத் திட்டுவது. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், இருவரும் தம் விருப்பப்படியே நடப்பவர்கள் என்று வள்ளுவரும் உன் அம்மா மாதிரிப் பேசியிருக்கிறார். ஆறு மணிக்கு எழுந்திரு.

தேர்வில் சொந்தமாகச் சான்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், எண்ணூர்

பாடநூல் சான்றைக் கேட்டிருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். வேறு வழியில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மாதத் தேர்வில் வேற்றுமை அணிக்குச் சான்று கேட்டிருந்தேன். இரண்டு பொருளுக்கு ஒற்றுமை சொல்லிப் பிறகு ஒரு வேற்றுமையால் பிரித்துக்காட்டுவது வேற்றுமை அணி. தீயும் சுடும், நாக்கும் சுடும். தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது. எல்லோரும் அந்தக் குறளையே எழுதினார்கள். கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: 'அப்பாவின் வலையிலும் ஓட்டை இருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையிலும் ஓட்டை இருக்கிறது. வலையில் மட்டும் ஏதாவது நிற்கும்.'

நான் பூஜ்யம் போட்டு, சிவப்பு மையில் 'பாடநூல் சான்று எழுதுக' என்று எழுதினேன். விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த தேர்வுகளில் எல்லாம் குறளைத்தான் எழுதினான், பிழையில்லாமல்.

எண்ணூர்த் தம்பி, தேர்வில் குறளை எழுது. உன்னுடையதை எனக்கு எழுதி அனுப்பு.

புதுக்கவிதை எழுதுகிறேன் அம்மா. அணியெல்லாம் பழைய காலத்துக்கு, நமக்குப் படிமமும் குறியீடும் போதும் என்கிறார்கள் தோழிகள். உண்மையா?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

உன் ஊர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற அவருடைய வரியை எந்தக் கூடையில் போடுவார்கள் உன் தோழிகள்? சாகும்போது ஒன்றும் கூட வராது என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். காது உடைந்த ஊசி என்றதும் கை தானாகத் தையல் டப்பாவுக்குப் போகிறது. தூக்கி எறியவும் மனமில்லாமல், நூல் கோக்கவும் முடியாமல் எல்லார் வீட்டிலும் கிடக்கிற ஊசி. பெயர் எதுவாக இருந்தால் என்ன?

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, இருபத்தைந்தாவது. ஐந்தே அடி. தலைவனோடு தனியே கூடிய நாளுக்குச் சாட்சி யாருமில்லை என்கிறாள் தலைவி. அவன் கள்வன், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? பிறகு சொல்கிறாள்:

'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.'

ஒரு கொக்கும் இருந்ததாம். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். இருந்த ஒரே சாட்சிக்கும் தன் பசிதான் பெரிதாக இருந்திருக்கிறது.

நடுவில் ஒரு உவமை இருக்கிறது பார்: தினையின் தாள் போன்ற சின்னப் பச்சைக் கால். எடுத்துவிட்டுப் படித்தால் கதை கெடாது. ஆனால் அவள் ஏன் கொக்கின் காலைச் சொல்ல வேண்டும்? அன்று அவள் தலை குனிந்திருந்தாள். கண்ணில் பட்டது கால்தான் என்று நான் வாசிக்கிறேன். தினைப்புனம் காக்கிற பெண்ணுக்குக் காலைப் பார்த்ததும் தினைத்தாள் நினைவுக்கு வராமல் வேறென்ன வரும்? உவமை அவள் வயலிலிருந்தே முளைத்து வந்திருக்கிறது. இதைப் படிமம் என்றாலும் சரி, உவமை என்றாலும் சரி, எனக்குச் சண்டையில்லை.

நீ அனுப்பிய கவிதைகளைப் படித்தேன். மூன்றில் மலை அருவி வருகிறது, இரண்டில் பனித்துளி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்துதானே கல்லூரிக்குப் போகிறாய்? அந்த லாரிகளுக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிற கிளீனரைப் பற்றி நான்காவது கவிதையில் ஒரு அடி இருக்கிறது. அதை அடித்துவிட்டிருக்கிறாய். அடித்த கோட்டை அழித்துவிட்டு அனுப்பு.

டீச்சர், எப்போது பார்த்தாலும் மீன் மீன் என்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த மீன் எது?
– ஆறாம் வகுப்பு மாணவி, ராயபுரம்

கவலை. மிளகாய்த்தூள் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் முறுகலாக வறுத்தது. இந்தப் பதிலில் சிலேடை எதுவும் இல்லை.